பிஸ்கட் டின்னில் ஒரு மருந்துக்கடை

1

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீடு ஒன்பதாம் மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர் புளோக்கில் துணி காயும் கம்புகள் வரிசையாகத் தெரியும். இன்றைக்கு எதிர் புளோக்கையே காணோம். பக்கத்து நாட்டில் எவனோ காட்டைக் கொளுத்துகிறான். அந்தப் புகை கடல் தாண்டி வந்து என் வீட்டுச் சோற்றுப்பானை மேல் உட்காருகிறது. பாஸ்போர்ட் கிடையாது, பெர்மிட் கிடையாது, எங்கே போகிறாய் என்று கேட்க ஆள் கிடையாது. நான் இந்த ஊருக்குள் வர எத்தனை ஃபாரம் பூர்த்தி செய்தேன், எத்தனை கவுன்டரில் கால் கடுக்க நின்றேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

வந்து இந்த மாதத்தோடு இருபத்து மூன்று வருஷம். அதைக் கொண்டாடலாம் என்று கோழி வாங்கி வைத்திருந்தேன். புகையில் ஜன்னலைச் சாத்திவிட்டு என்னத்தைத் தாளிப்பது? கோழி ஃப்ரீசரிலேயே கிடக்கிறது.

திருச்சியிலிருந்து அண்ணன் போனில் பேசும்போதெல்லாம் ஒன்று சொல்வான். "உனக்கென்னம்மா, சிங்கப்பூரு. எல்லாம் கிளீனு." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாடா, வந்து ஒரு மணி நேரம் மூச்சு விட்டுப் பார், அப்புறம் பேசு என்பேன். அவன் சிரிப்பான். ஊரில் இருப்பவர்கள் யாருக்கும் நாங்கள் சொல்லும் கஷ்டம் காதில் விழாது. கொண்டுவரும் சாக்லேட்டுதான் கண்ணில் படும்.

லிஃப்ட் பக்கத்தில் நான்கு மொழியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வெளிவேலைகளைக் குறைத்துக்கொள்ள வேண்டுமாம். ஜன்னலை மூட வேண்டுமாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருந்தைக் கையிருப்பில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். நான் வேலை பார்க்கும் மளிகைக்கடை லிட்டில் இந்தியாவில், ஜாலான் புசார் பக்கம். கடை வாசலில் சாலையைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் எங்கள் புதுக்கோட்டைப் பையன்கள். தொண்டை எரிகிறது அக்கா என்று வந்து ஆளுக்கொரு புளிப்பு மிட்டாய் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வெளிவேலையைக் குறை என்றால் அவர்கள் எதைக் குறைப்பது? அறைக்குள் ஏசி போட்டு உட்கார்ந்து எழுதினவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போகிறது.

ஆனால் அந்த மருந்துக் கையிருப்பு வரியைப் படித்தபோது மட்டும், உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. நீ என்னப்பா எனக்குச் சொல்வது, என் பிஸ்கட் டின்னை வந்து பார் என்று நினைத்துக்கொண்டேன்.

2

அந்த டின்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பழைய பெரிய பிஸ்கட் டின். மூடியில் குதிரை வண்டிப் படம். அதற்குள் காய்ச்சல், சளி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், பிரஷர், மூட்டுவலி என்று இல்லாத மாத்திரை கிடையாது. எல்லாம் திருச்சி மருந்து. இங்கே பாலிகிளினிக் என்கிற அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க நம்பர் எடுத்து, அரை நாள் உட்கார்ந்து, உள்ளே போனால் "தண்ணி நெறைய குடிங்க" என்பார். இருமல் நின்றுபோன பிறகுதான் நம் முறை வரும். எனக்கு அந்தப் பொறுமை என்றைக்கும் இருந்ததில்லை.

அதனால் எங்கள் புளோக்கிலும் எங்கள் கோயில் ஜபக்கூட்டத்திலும் ஒரு ஏற்பாடு. யார் ஊருக்குப் போகிறார்கள் என்று முதலில் எனக்குத் தகவல் வரும். நான் பட்டியல் போடுவேன். போகிறவர் அண்ணன் வீட்டில் பட்டியலைக் கொடுத்தால் அவன் வாங்கி வைப்பான். பெட்டியில் இடம் அடைக்காமலிருக்க அட்டைப்பெட்டிகளையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் துணிக்கு நடுவில் செருகிக்கொண்டு வருவார்கள். வந்ததும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பங்கு பிரிப்போம். கத்தரிக்கோலால் மாத்திரைப் பட்டையை வெட்டி, உனக்கு நாலு, எனக்கு ஆறு. தேதி அச்சடித்த முனை யாருக்குப் போனதோ அவருக்கு மட்டும்தான் அந்த மாத்திரை எப்போது காலாவதி என்று தெரியும். மற்றவர்களுக்கு லூர்து அக்கா சொன்னால் சரி. லூர்து அக்கா என்றால் நான்தான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தீர்ந்துபோன மருந்தை நான் தூக்கிப் போடுவதில்லை. சாம்பிளுக்கு வைத்துக்கொள்வேன். பெயரை எழுதிக் கொடுத்தால் கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிடுவான். காலி டப்பாவைக் கையில் கொடுத்து "இதே மாதிரி" என்றால் மாறாது. எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா. அவருடைய நீல இன்ஹேலர் (எங்கள் பேச்சில் பம்ப்) தீர்ந்தால் அதன்மேல் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றி டின்னுக்குள் போட்டு வைப்பேன். ரப்பர் பேண்ட் இருந்தால் காலி. இல்லாவிட்டால் புதுசு. இத்தனை வருஷத்தில் தப்பினதே இல்லை.

எங்கள் மகள் ஜெனிக்கு இந்த டின்னைக் கண்டாலே ஆகாது. அவளுக்கு வேலை சாங்கி பக்கம். பாசிர் ரிஸ்ஸில் ஒரு தோழியோடு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு சனி, ஞாயிறில் மட்டும் வருவாள். வேலைக்குப் பக்கம் என்பது அவள் சொல்லும் காரணம். நான் சத்தம் போடுவது தாங்கவில்லை என்பது அவள் அப்பாவிடம் சொன்ன காரணம். எனக்கு இரண்டும் தெரியும். இந்த ஊர்ப் பிள்ளை, பேச்சுக்கு வால் மாதிரி ஒரு 'லா' போடுவாள்.

"அம்மா, திஸ் இஸ் நாட் சேஃப் லா. லைசென்ஸ் இல்லாம ஃபார்மசி நடத்துறீங்க."

"இந்த ஃபார்மசி மருந்துலதான்டி நீ வளர்ந்தே. எதாவது ஆச்சா உனக்கு?"

"லக்."

"லக்காம் லக்கு! போடி அந்தாண்ட."

அவள் அத்தோடு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அந்தப் பேச்சு அப்படித்தான் முடியும் எப்போதும்.

3

ஆறாம் மாடியில் சுபா இருக்கிறாள். மதுரைப் பக்கத்துப் பெண். வந்து நாலு வருஷம் ஆகிறது. அவள் புருஷன் கப்பல் வேலை, பாதி மாதம் கடலில். மகள் வர்ஷாவுக்கு ஏழு வயசு, அவளுக்கும் அவ்வப்போது இழுப்பு வரும்.

புகை ஆரம்பித்த முதல் சனிக்கிழமை காலையில் சுபா மேலே வந்தாள். "அக்கா, பாப்பாவுக்கு ராத்திரியெல்லாம் இருமல். அவ பம்ப் தீர்ந்திடுச்சு. திங்கக்கிழமை பாலிகிளினிக்ல அப்பாயின்ட்மென்ட் இருக்கு. அதுவரைக்கும் எதாவது..."

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை, நான் டின்னைத் திறந்துவிட்டேன். நீல இன்ஹேலரை எடுத்து அவள் கையில் வைத்து, "ரெண்டு அடி அடி. கேக்கலேன்னா இன்னும் ரெண்டு. ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்றேன். நான் இருக்கேன் என்று சொல்வதில் எனக்கு அவ்வளவு பெருமை. அன்றைக்குக் கடையில் எனக்குப் பகல் முழுக்க வேலை. போய்விட்டேன். சாயங்காலம் வந்தபோது ஜெனி சோபாவில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். என்னடி என்றால் டயர்ட் என்றாள்.

திங்கட்கிழமை சுபா இன்ஹேலரைத் திருப்பிக் கொண்டுவந்தாள். கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய கேசரி. வாங்கின பொருளை வெறுங்கையோடு திருப்பித் தருவது நம் வழக்கமில்லையே.

"எதுக்குடி இதெல்லாம்? புள்ள எப்படியிருக்கா?"

"நல்லாருக்கா அக்கா."

"பாத்தியா, நான்தான் சொன்னேனே!"

அவள் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் வந்துவிட்டது, போய்விட்டாள். நான் கேசரியைத் தின்றேன். நெய் கொஞ்சம் குறைச்சல். இன்ஹேலரைத் துடைத்து டின்னுக்குள் போட்டேன்.

4

பத்து நாள் கழித்துப் புகை மறுபடி ஏறியது. இந்த முறை வீட்டுக்குள்ளேயே கண் எரிந்தது. எங்க வீட்டுக்காரர் அந்தோணி பஸ் பழுது பார்க்கும் பணிமனையில் மெக்கானிக். டீசலும் புகையும் சேர்ந்தால் என்ன ஆகும்? மதியமே திரும்பி வந்துவிட்டார். கதவைத் திறந்தபோது நெஞ்சிலிருந்து விசில் சத்தம் எனக்குக் கேட்டது.

"லூர்து, பம்ப் தீர்ந்துபோச்சு. டின்ல இருக்கா?"

"இல்லாம? உக்காருங்க."

டின்னில் மேலாகக் கிடந்ததை, சுபா திருப்பித் தந்ததை, எடுத்துக் கொடுத்தேன். அடித்தார். பஸ்ஸென்று சத்தம் வந்தது. இன்னும் அடித்தார். மறுபடி பஸ்ஸென்றது. கொஞ்ச நேரத்தில் அடங்க வேண்டிய இழுப்பு அடங்கவில்லை, ஏறியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தார். இன்னும் அடிங்க, இன்னும் அடிங்க என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். அவருக்கு ஒரு முழு வார்த்தை பேச முடியவில்லை. உதடு கறுத்துக்கொண்டே வந்தது. என் ஆண்டவரே, இந்த மனுஷனைக் கொண்டு போயிடாதேயும் என்று வாய்விட்டே அழுதேன்.

பாலிகிளினிக் பக்கத்தில்தான். டாக்சி பிடித்து ஓடினோம். நான் இத்தனை வருஷம் திட்டித் தீர்த்த இடம். நம்பர் கிம்பர் எதுவும் கேட்கவில்லை அவர்கள். வாசலிலேயே ஒரு நர்ஸ் அவரைப் பார்த்துவிட்டு நேரே உள்ளே தள்ளிக்கொண்டு போய் முகத்தில் மாஸ்க்கை வைத்து மருந்துப் புகை பிடிக்க வைத்தாள். அரை மணி நேரத்தில் அவர் என்னைப் பார்த்து, "கத்தாதே லூர்து, எல்லாரும் பாக்கிறாங்க" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

மருந்து வாங்கும் இடத்தில் ஒரு சீனப் பெண். நான் கொண்டுபோயிருந்த இன்ஹேலரை வாங்கிக் குலுக்கினாள், காற்றில் ஒரு முறை அடித்தாள், பிறகு அதை என் ஒரு கையிலும் புதிதாக ஒன்றை மறு கையிலும் வைத்தாள்.

"ஆன்ட்டி, யூ ஃபீல். விச் ஒன் ஹெவி?"

புதுசு கனத்தது. இது பஞ்சு.

"சத்தம் வருதே? ஸ்பிரே கமிங் வாட்?"

"கேஸ் ஒன்லி. மெடிசின் ஃபினிஷ் ஆல்ரெடி. லாங் டைம் ஆல்ரெடி."

உள்ளே மருந்து இல்லை, வெறும் காற்றாம். எனக்குத் தலைக்கு ஏறியது. சுபா! குழந்தைக்கு அடி அடியென்று அடித்துத் தீர்த்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல், காலியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். கேசரி வேறு!

5

அவரைப் படுக்க வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனேன். சுபாவின் டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். உள்ளே ஒன்றும் போடவில்லை. வேண்டுமென்றேதான் போடவில்லை. வெறும் டப்பாவை அவள் வாசலில் வீசிவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும். லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை, மூன்று மாடி படியிலேயே இறங்கினேன்.

அவள் கிரில் கதவைத் திறப்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன். "ஏண்டி, உனக்கு மனசாட்சி இருக்கா? காலின்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? எங்க வீட்டுக்காரர் இன்னிக்குச் செத்துப் பொழச்சு வந்திருக்காரு. குடுத்த கைக்கு இதுதான் நீ காட்டுற நன்றியா?"

சுபாவின் முகம் வெளிறிப்போனது. "அண்ணன் எப்படி அக்கா இருக்காரு இப்ப?"

"அதை நீ கேக்காதே! எத்தனை அடி அடிச்சே அதை?"

அவள் கிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அக்கா, அது நீங்க குடுக்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு."

"பொய் சொல்லாதே."

"பொய் இல்லக்கா. ரெண்டு அடிச்சேன், கேக்கல. நீங்க சொன்ன மாதிரியே இன்னும் ரெண்டு அடிச்சேன். நீங்க குடுத்த மருந்தாச்சே, கேக்கும் கேக்கும்னு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். பாப்பாவுக்கு நெஞ்சு உள்ள போயி உள்ள போயி வந்துச்சு. எனக்குக் கை ஓடல. மேல ஓடி வந்தேன், நீங்க கடைக்குப் போயிட்டீங்க. ஜெனிதான் இருந்தா. அவதான் டாக்சி கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. சாயங்காலம் வரைக்கும் கூடவே இருந்தா."

சோபாவில் செருப்போடு உட்கார்ந்திருந்த ஜெனி எனக்கு நினைவுக்கு வந்தாள்.

"அப்ப ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"பயம்தான் அக்கா." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீங்க ஆசையா குடுத்தீங்க. அது சரியில்லன்னு சொன்னா சத்தம் போடுவீங்க. தூக்கிப் போட்டாலும் சாம்பிள் எங்கேன்னு கேப்பீங்க. திருப்பிக் குடுத்தா, கையில எடுத்ததும் காலின்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்னு நெனச்சேன். தப்புதான். சொல்லியிருக்கணும்."

நான் எதையும் வீசவில்லை. டப்பாவோடு திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்து டின்னை மேசைமேல் கவிழ்த்தேன். நான்கு நீல இன்ஹேலர். ஒன்றில்கூட ரப்பர் பேண்ட் இல்லை. அடியில் மாத்திரைத் தூளோடு சேர்ந்து மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கீறி எடுத்தேன். இந்த ஊர் வெக்கையில் மக்கி, துண்டு துண்டாக உதிர்ந்துபோன ரப்பர் பேண்டுகள். எவ்வளவு நாளாக அப்படிக் கிடக்கின்றனவோ, தெரியாது.

இன்ஹேலர்களை ஒவ்வொன்றாகக் கையில் வைத்துப் பார்த்தேன். நான்கும் பஞ்சு.

6

ஜெனிக்குப் போன் போட்டேன். அப்பா விஷயத்தைச் சொன்னதும் அவள் அழுதாள். "நான் சொல்லியிருக்கணும். சுபா ஆன்ட்டி அதைத் தூக்கிப் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். ஐ ஷுட் ஹேவ் டோல்ட் யூ."

"ஏன் சொல்லல?"

"யூ வில் ஷவுட் மா. எப்பவும் ஷவுட் பண்ணுவீங்க. அப்புறம் நாங்கதான் தப்புன்னு முடியும்."

கத்த வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். இந்த நாட்டைத் திட்டினேன், புகையைத் திட்டினேன், நோட்டீஸ் எழுதினவனைத் திட்டினேன், அண்ணனைத் திட்டினேன், சுபாவைத் திட்டினேன். என் வாய்க்குப் பயந்துகொண்டு ஆறாம் மாடியிலும் ஒன்பதாம் மாடியிலும் உண்மையை மறைத்திருக்கிறார்கள். என் டின்னால் ஒரு குழந்தையின் உயிரும், அந்தப் பயத்தால் என் புருஷன் உயிரும் ஊசலாடியிருக்கின்றன. இதற்கு யாரைப் போய்த் திட்டுவது? "சனிக்கிழமை வா, கோழி இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

மறுநாள் டின்னோடு பாலிகிளினிக்குக்குப் போனேன். அந்தச் சீனப் பெண்ணிடம், இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிடு என்றேன். அவள் உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலி டின் மட்டும் திரும்பி வந்தது. அதில் இப்போது உளுந்து போட்டு வைத்திருக்கிறேன்.

அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. அடுத்த வாரம் ஒருத்தர் வருகிறார், பட்டியல் அனுப்பு என்று. வேண்டாம் என்று எழுதினேன். ஏன், அங்கே எல்லாம் கிடைக்குமோ என்று கேட்டான். ஆமாம், கிடைக்கும் என்று எழுதினேன்.

சுபாவின் டப்பா மூன்று நாள் மேசைமேலேயே இருந்தது. வெறுமனே கொடுக்கக் கூடாது. என்ன போட்டுக் கொடுப்பது என்றும் தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் புகை கொஞ்சம் விலகி எதிர் புளோக்கின் கம்புகள் தெரிந்தன. ஜெனி வந்தாள். டப்பாவைப் பார்த்து, "ஜஸ்ட் சே சாரி லா, அம்மா" என்றாள். வாயை மூடிக்கொண்டு பயறு வறுத்து, அரைத்து, நெய் தாராளமாக ஊற்றி உருண்டை பிடித்தேன். டப்பா நிறைய அடுக்கினேன்.

ஆறாம் மாடியில் லிஃப்ட் திறந்ததுமே இருமல் சத்தம் கேட்டது. வர்ஷா வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள், குனிந்தபடி இருமிக்கொண்டே. நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே பொங்கிய இருமலை அடக்கி அடக்கி விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு அடி பின்னால் போய்க் கதவோடு ஒட்டிக்கொண்டாள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினேன்.

"இருமிக்க கண்ணு" என்றேன். "ஆன்ட்டி இனிப்புதான் கொண்டாந்திருக்கேன். மருந்து இல்ல."